ஓல்ட்-டைம் ஜாமா ப்ளூகிராஸ் ஜாமா? கண்டுபிடிச்சுட்டு உட்காருங்க

ஓல்ட்-டைம், ப்ளூகிராஸ் ரெண்டும் அமெரிக்க கிராமிய இசை வகைங்க. கிடாரைத் தூக்கிட்டு ஜாமுக்கு (எல்லாரும் கூடி உட்கார்ந்து சேர்ந்து வாசிக்கிற கூட்டம்) போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காராதீங்க, ரெண்டு மூணு ட்யூன் சும்மா நின்னு கேளுங்க. எல்லாரும் ஒண்ணா ஒரே மெலடியை திரும்பத் திரும்ப ஓட்டிக்கிட்டே இருந்தா ஓல்ட்-டைம். ஒருத்தர் பாட, நடுவுல ஆளுக்கொரு சோலோன்னு வட்டம் சுத்தி வந்தா ப்ளூகிராஸ். ரெண்டுலயும் அதே பாஞ்சோ (தோல் கட்டின தந்தி வாத்தியம்) அதே ஃபிடில் (வயலின்) தான், ஆனா இங்க உள்ள பழக்கத்தை அங்க கொண்டு போனா முகம் சுளிப்பாங்க.

ஏன் இந்த வித்தியாசம்னா, ஓல்ட்-டைம் அமெரிக்காவோட அப்பலாச்சியன் மலைப்பக்கம் டான்ஸுக்கு வாசிச்சது. ஸ்காட்லாந்து, அயர்லாந்துல இருந்து வந்த ஃபிடில் ட்யூன்களும் ஆப்பிரிக்காவுல இருந்து அடிமைகளா கொண்டுவரப்பட்டவங்களோட பாஞ்சோவும் கலந்து வந்தது, ஆடுறவங்களுக்கு தாளம் நிக்காம ஓடணும் அவ்ளோதான், சோலோ யாருக்கு வேணும்? ப்ளூகிராஸ் ரேடியோ காலத்துப் பிள்ளை. கென்டக்கிக்காரர் பில் மன்ரோ 1939ல கிராண்ட் ஓல் ஓப்ரிங்கிற ரேடியோ இசை நிகழ்ச்சில சேர்ந்தார், 1945 கடைசியில ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூணு விரலால பாஞ்சோ மீட்டுற பாணியோட அவர் பேண்டுக்கு வந்தப்புறம் தான் இன்னைக்கு நாம கேக்குற அந்த சவுண்டே. ஆடியன்ஸ் முன்னாடி ஒவ்வொருத்தரும் கைவரிசை காட்டணும், அந்த சோலோ முறை அப்படியே ஜாமுக்கும் வந்துடுச்சு.

ஓல்ட்-டைம்ல ஃபிடில்காரர் வெச்சது தான் சட்டம். பெரும்பாலும் ட்யூனுக்கு ரெண்டு பாகம், ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை, அதனால முதல் சில ரவுண்டு சத்தம் கம்மியா கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு) மட்டும் பிடிச்சுட்டு வந்தாலே மெலடி காதுல ஏறிடும். கீ (ட்யூனோட சுருதி) மாத்தலாமான்னு மட்டும் கேட்டுடாதீங்க, பாஞ்சோ, ஃபிடில் எல்லாம் மறுபடி ட்யூன் பண்ணணும்னு தான் ஒரே கீயில ரொம்ப நேரம் உட்கார்றாங்க. யாராவது காலைத் தூக்கினா அதான் கடைசி ரவுண்டு.

ப்ளூகிராஸ்ல எந்தப் பாட்டுன்னு தேர்ந்தெடுக்கிறவர் கீயும் சொல்லுவார், கேப்போ (கிடார் கழுத்துல மாட்டி சுருதியை ஏத்துற கிளிப்) கையில இருக்கட்டும். கார்டை பேர் சொல்லாம, அந்தக் கீயோட எத்தனாவது சுரத்துல வர்றதுன்னு எண்ணி ஒண்ணு, நாலு, அஞ்சுன்னு நம்பர்ல கத்துவாங்க, அதைப் பழகிக்கோங்க. உங்களைப் பாத்து தலையாட்டினா சோலோ உங்களுது, வேண்டாம்னா இல்லன்னு தலையாட்டுங்க, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. ஆனா அடுத்தவர் பாடும்போதும் சோலோ எடுக்கும்போதும் நீங்க சத்தத்தைக் குறைக்கலைன்னா அதை எல்லாரும் கவனிப்பாங்க (பாஞ்சோக்காரங்களே, உங்களைத்தான்!). பாட்டு தேர்ந்தெடுக்க உங்க முறை வந்தா மூணே கார்டு உள்ள சுலபமான பாட்டா சொல்லுங்க. பேஸ் (தாழ்ந்த சுரம் வாசிக்கிற பெரிய தந்தி வாத்தியம்) கொண்டு போறவங்க, ஏற்கனவே ஒரு பேஸ் ஓடுதுன்னா காத்திருந்து மாத்தி மாத்தி வாசிங்க, ரெண்டு பேஸ் சேர்ந்தா தாளம் குழம்பிடும்.