வீட்டுப் படத்தில் முதலில் நிழலைப் பாருங்கள்

புறநகர் வீடுகளைக் கலைப் புகைப்படங்களில் பார்க்கும்போது "இதுல என்ன இருக்கு, வெறும் வீடுதானே" என்று தாண்டிவிடாதீர்கள். முதலில் நிழல். சுவரை ஒட்டிக் குட்டையாகக் கிடந்தால் உச்சிவெயில். தெரு காலியாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கும். உடனே தனிமை, சோகம் என்று சொல்லிவிட வேண்டாம். மே மாதம் மதியம் 2 மணிக்கு மதுரையில் எந்தத் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிறது?

புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஆடம்ஸ் 1968-ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. சாதாரண வீடு, ஜன்னலில் ஒரு பெண்ணின் கரிய உருவம். பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தால்தான் அவர் தெரிகிறார், முகம் தெரியாது. அங்கே தனிமை என்றால் ஒப்புக்கொள்வேன், ஜன்னலே அதற்குச் சாட்சி.

பழக வேண்டுமா? மதுரை ஒத்தக்கடைப் பக்கம் போங்கள். ஒரே வீட்டைப் பின்னால் யானைமலை தெரிய ஒன்று, மலையே தெரியாமல் ஒன்று என போனில் எடுங்கள். முதலாவதில் வீடு பொடிசு, இரண்டாவதில் அதுதான் உலகம். படம் எடுத்தவர் எதைச் சேர்க்காமல் விட்டார் என்று கேட்கும் பழக்கம் இப்படித்தான் வரும்.

மொட்டைமாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த கம்பியையும் விடாதீர்கள். அது இன்னும் கட்டாத மாடி, ஒருவேளை மகனுக்கு.

எடுக்குமுன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லாவிட்டால் "லோன் விஷயமா வந்தீங்களா தம்பி?" என்று விசாரணை ஆரம்பமாகிவிடும்.