கேலிப்பரில் தொடங்காதீர்கள்: பிரேக் மேம்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணே, நாலு பிஸ்டன் கேலிப்பர் போட எவ்வளவு ஆகும்?" மலேசியாவின் தாப்பா, பீடோர் பக்கத்துப் பட்டறைகளில் வேகக் கார் வைத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை, பிஸ்டன்கள் தள்ளும் பேடுகளால் இறுக்கிப் பிடிக்கும் பாகம்தான் கேலிப்பர். தவறும் இங்கேயே தொடங்கிவிடுகிறது. இப்போதிருக்கும் பிரேக் எந்த நிலையில், எந்த வகையில் கைவிடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விலை கேட்பதில் பயனில்லை.

காரை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிமானம்தான். பெடலை முழு பலத்துடன் அழுத்தும்போது, சக்கரம் சுழலாமல் இறுகுவதைத் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு வேலை செய்யத் தொடங்குகிறது என்றால், டயர் தாங்கக்கூடிய அளவுக்கு விசையை உங்கள் பிரேக் ஏற்கெனவே கொடுத்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் எவ்வளவு பெரிய கேலிப்பரைப் பூட்டினாலும், அந்த முதல் நிறுத்தத்தின் தூரம் குறையப்போவதில்லை. தேய்ந்த டயருடன் இருக்கும் காருக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துப் பிரேக் வாங்குவதை என்னால் வீண்செலவு என்றுதான் சொல்ல முடியும். பெரிய டிஸ்க்கும் பெரிய பேடும் தரும் உண்மையான நன்மை, திரும்பத் திரும்ப எழும் வெப்பத்தைத் தாங்குவதுதான்.

அந்த வெப்பத்தின் அளவை நம் ஊர்ச் சாலையிலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 700 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அதே கார் கேமரன் மலையின் தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது, ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தை இழக்கிறது. அது 20 மெகாஜூலுக்கும் அதிகம், அதாவது நெடுஞ்சாலை வேகத்திலிருந்து முப்பது முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் டிஸ்க்கும் பேடும்தான் சுமக்க வேண்டும். லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியருகே நிறுத்தும் கார்களில் சிலவற்றின் சக்கரத்திலிருந்து வரும் கருகல் வாடை இதனால்தான்.

பிரேக் சூடாகிக் கைவிடும்போது இரண்டு விதமான அறிகுறிகள் தோன்றும். இவற்றைப் பிரித்தறியாமல் பணம் செலவழிப்பது இன்னொரு பெரிய தவறு. பெடல் கெட்டியாகவே இருந்தும் கார் வேகம் குறையாவிட்டால், பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் பஞ்சுபோல அமுங்கிக் கீழே இறங்கினால், பிரேக் எண்ணெய் கொதித்து அதில் ஆவிக் குமிழ்கள் உண்டாகிவிட்டன. இரண்டாவது சிக்கலுக்குக் கேலிப்பர் நேரடி மருந்தன்று. பிரேக் எண்ணெய் வகைகளில் ஒன்றான டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமலிருக்க வேண்டும் என்பது தர அளவு. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 155 பாகை வரை இறங்கிவிடலாம். நம் நாட்டு ஈரக்காற்றில் பல ஆண்டுகள் மாற்றாமல் விட்ட எண்ணெயைப் புதுப்பிப்பதே பலருக்கும் போதுமான மேம்பாடு. டாட் 5.1 இதைவிட அதிக வெப்பம் தாங்கும், டாட் 4 உடன் ஒத்துப்போகும். ஆனால் பெயரில் நெருக்கமாகத் தெரியும் டாட் 5 சிலிகான் வகை. அதை மற்ற இரண்டோடும் கலக்கவே கூடாது.

பேட் தேர்விலும் பந்தயப் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. செப்பாங் ஓட்டப்பாதைக்கென்று செய்யப்பட்ட பேட், சூடேறிய பிறகுதான் பிடிக்கும். விடியற்காலையில் தோட்டத்திலிருந்து வெளியேறும் முதல் சந்தியில் மாடு குறுக்கே வந்தால், குளிர்ந்த அந்தப் பேட் சாதாரண பேடைவிட மோசமாக நடந்துகொள்ளும். மலைச்சாலைக்கும் அன்றாடப் பயணத்துக்கும் சேர்த்து ஓட்டுபவர், குளிரிலும் பிடிக்கிற சாலை வகைப் பேடையே நாட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கேலிப்பர் தேவைப்பட்டால், பழைய கார்களை வெட்டிப் பாகங்களாக விற்கும் அரைவெட்டுக் கடைச் சரக்கில் கவனம் வேண்டும். மிட்சுபிஷி இவோ 5 ஜிஎஸ்ஆர் காரின் பிரெம்போ கேலிப்பரைப் புரோட்டோன் வீராவிலும் சத்ரியாவிலும் பூட்டுவது இங்கே பழைய ஆசை. அந்தக் கேலிப்பர், பின்சக்கரத்தின் இரண்டு பிஸ்டன் கேலிப்பரோடும் பெடலின் அழுத்தத்தை எண்ணெய்க்குக் கடத்தும் தனக்கேற்ற மாஸ்டர் சிலிண்டரோடும் சேர்த்து வடிவமைக்கப்பட்டது. முன்பக்கத்தை மட்டும் எடுத்துப் பூட்டினால் பெடல் நீளமாக இறங்கும். முன்டயர் சீக்கிரமே சுழலாமல் இறுகிக்கொள்ள, பின்பிரேக் சும்மா இருக்கும். நிறுத்தத் தூரம் கூடவும் வாய்ப்புண்டு. 320 மில்லிமீட்டர் டிஸ்க்குக்குப் பொதுவாக 17 அங்குல ரிம் வேண்டும், அப்போதும் ரிம்மின் கம்பிகள் கேலிப்பரில் உரசாமலிருக்கிறதா என்று அட்டை வெட்டி அளந்து பார்க்க வேண்டும்.

வேறு காரின் பாகத்தைப் பொருத்தும் இணைப்புத் துண்டான அடாப்டரைச் செய்பவர்கள் கேலிப்பரை அச்சுக்குப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவருவதும் உண்டு. அப்படியே நகர்த்தினால் காற்றெடுக்கும் நிப்பிள் அடியில் போய்விடும். மேலே தேங்கும் காற்று எத்தனை முறை பெடலை அடித்தாலும் வெளியேறாது. நிப்பிள் மேலே வரட்டும் என்று இடது வலது மாற்றிப் பூட்டினால், அளவு வேறான பிஸ்டன்களின் வரிசை தலைகீழாகி, பேட் சாய்வாகத் தேயும்.

தோட்டத்தில் குடியிருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது பிஸ்டனைச் சுற்றியுள்ள தூசி ரப்பர். அசல் பந்தயக் கேலிப்பர்கள் பலவற்றில் அது இருக்காது, ஏனென்றால் அவை அடிக்கடி பிரித்துச் சுத்தம் செய்யப்படுபவை. செம்பனைக் காட்டுச் செம்மண் சாலையில் நாள்தோறும் போய்வரும் காருக்கு அவை ஒத்துவராது. மண் உள்ளே புகுந்து பிஸ்டன் இறுகிவிடும். துளையிட்ட டிஸ்க்கும் பார்வைக்குத்தான் அழகு. கடும் வெப்பத்தில் துளை ஓரங்களிலிருந்து விரிசல் தொடங்கும். உள்ளே காற்று செல்லும் வழிகளைப் பிரிக்கும் வளைந்த தடுப்புகள் உள்ள டிஸ்க்கானால், மேலே தெரியும் கோடுகளைப் பார்த்து இடது வலதைத் தீர்மானிக்காமல், உள்ளே இருக்கும் தடுப்புகள் சுழலும் திசைக்குப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சிவப்புச் சாயமும் பெயரெழுத்தும் மட்டும் கொண்ட போலிச் சரக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள்.

பூட்டிய பிறகு புதுப் பேடைப் பதப்படுத்தும், அதாவது டிஸ்க்கோடு பொருந்திப் பிடிக்கச் செய்யும் வேலை இருக்கிறது. அதை மலையிறக்கத்தில் செய்யாமல், ஆளில்லாத நேரான சாலையில், தயாரிப்பாளர் சொன்னபடி மிதமான வேகத்திலிருந்து பலமுறை குறைத்துக் குறைத்துச் செய்யுங்கள். சூடான டிஸ்க்கின் மேல் பெடலை அழுத்தியபடி காரை நிறுத்தி வைத்தால் பேடின் பொருள் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஸ்டீயரிங் நடுங்கும்போது டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலரும் தவறாக நினைக்கிறார்கள். முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு அடாப்டர் போல்ட்டுகளின் இறுக்கத்தையும், ஹோஸ் முனைகளில் கசிவு இருக்கிறதா என்பதையும், ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பும்போது ஹோஸ் எங்கும் இழுபடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.