கோல்ஃப் மைதானப் பாசனப் பம்புகளுக்கு மின்னிணைப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

கடும் கோடையின் ஓர் இரவில் புல்லுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்ற கணக்கிலிருந்தே மின்னிணைப்பைப் பற்றிய முடிவு தொடங்க வேண்டும். 20 ஹெக்டேர் புல்லுக்கு 5 மில்லிமீட்டர் நீர் பாய்ச்சினால் அது 1,000 கன மீட்டர். பகலில் ஆட்டம் நடப்பதால் இரவு 8 மணி நேரத்துக்குள் அதைத் தெளித்து முடிக்க வேண்டும். அதாவது மணிக்கு 125 கன மீட்டர். தெளிப்பான்களுக்கு வேண்டிய அழுத்தம், குழாய் உராய்வு, மேடு ஆகியவை சேர்ந்து 80 மீட்டர் உயரத்துக்கு நீரை ஏற்றுவதற்குச் சமம் எனக் கொண்டால், 125-ஐ 80-ஆல் பெருக்கி, கிலோவாட்டாக மாற்ற உதவும் 367 என்ற எண்ணால் வகுத்து, பம்பின் 75 சதவீதத் திறனுக்கு ஈடுசெய்யும்போது ஏறத்தாழ 36 கிலோவாட் வரும். இதற்கு 60 குதிரைத்திறன் (சுமார் 45 கிலோவாட்) மோட்டார் ஒன்றைவிட 30 குதிரைத்திறன் மோட்டார்கள் இரண்டை அமைப்பதே நல்லது. ஒன்று பழுதானாலும், பந்து விழ வேண்டிய குழிகளைச் சுற்றியுள்ள நுண்புல் பரப்புகளான கிரீன் பகுதிகளாவது காயாமல் தப்பும்.

இந்த அளவுக்கு 415 வோல்ட் மும்முனை இணைப்பே பொருத்தமானது. பம்பு அறை பெரும்பாலும் குளக்கரையில், மின்மாற்றியிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் என்பதால், பலரும் கவனிக்கத் தவறும் கேபிளைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். இரு மோட்டார்களும் முழுச் சுமையில் சேர்ந்து 78 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும்போது, 400 மீட்டர் நீளமுள்ள 70 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிளில் சுமார் 28 வோல்ட் வீணாகும். 120 சதுர மில்லிமீட்டர் கேபிளில் அது 17 வோல்ட் அளவுக்குக் குறையும். தொலைவு இதைவிட மிகுந்தால், உயர் அழுத்தக் கம்பியையே பம்பு அறை வரை கொண்டுவந்து அங்கே மின்மாற்றியை நிறுவும் செலவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மோட்டாரை நேரடியாக இயக்கினால் தொடக்கத்தில் முழுச்சுமை மின்னோட்டத்தைப்போல் ஆறு, ஏழு மடங்கு பாயும். சுருள்களின் இணைப்பை மாற்றி மோட்டாரைக் குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கவைக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் அதை மூன்றில் ஒரு பங்காக்கும். வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவி இந்தப் பாய்ச்சலையே தவிர்ப்பதோடு, ஒரே நேரத்தில் திறக்கும் தெளிப்பான்களின் எண்ணிக்கைக்கேற்ப வேகத்தைக் குறைத்து மின்சாரத்தையும் மிச்சப்படுத்துகிறது. நீரோட்டம் திடீரென மாறும்போது குழாயில் ஏற்படும் நீர் அதிர்ச்சியும் குறைவதால், இரண்டில் ஒரு பம்புக்காவது இதைப் பொருத்துவது அவசியம் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அது மின்சாரத்தின் அலைவடிவத்தைச் சிதைக்கக்கூடியது. ஆகவே மின்வெட்டுக்காக ஜெனரேட்டர் வைப்பதானால், அதன் அளவை நிர்ணயிக்கும்போது, வி.எஃப்.டி. இருப்பதை விற்பனையாளரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

மின்வாரியத்திடம் விண்ணப்பிக்குமுன், இரவில் மூன்று முனைகளிலும் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். முனைகளுக்கிடையே வேறுபாடு சில சதவீதமே இருந்தாலும் மோட்டாரின் சுருள் மிகையாகச் சூடேறும். விவசாயப் பம்புகளுக்குத் தமிழகத்தில் உள்ள இலவச மின்சாரம் கோல்ஃப் மைதானத்துக்குக் கிடையாது. எனவே எந்தக் கட்டண வகையில் இணைப்பு வரும், நேரத்துக்கேற்பக் கட்டணம் மாறுமா என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

சூரிய மின்சாரத்தால் இரவுத் தெளிப்பை நேரடியாக நடத்த முடியாது. பகலில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குளத்துக்கு ஏற்றும் வேலைக்கு அதை ஒதுக்கலாம். திறந்த வெளியில் மின்னல் அபாயம் மிகுதி என்பதால், பம்பு அறைக்கு முறையான நில இணைப்பும், மின்னழுத்தம் திடீரென எகிறுவதைத் தடுக்கும் மின்னெழுச்சித் தடுப்பானும் இணைப்பின் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும்.