மேசைமேல் சேலம்: மாடல் ரயிலுக்கு நம்ம ஊர் மண், மலை, கட்டடம் செய்வது எப்படி

மாடல் ரயில் வாங்கி, பாதையைப் போட்டு, ஓட்டியும் பார்த்தாகிவிட்டது, இனி சுற்றிலும் ஊரை உருவாக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளிநாட்டு செட்டுகளில் வரும் புல்தூளும் மரங்களும் ஐரோப்பாவின் பச்சை. அதைக் கொட்டி நடுவில் நம் ஐசிஎஃப் (சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலை) பெட்டிகளை ஓட்டினால் எந்த ஊர் என்றே புரியாது. சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை போகும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள்: செம்மண், வெயிலில் வெளிறிய புல், சீமைக்கருவேலம், வலது பக்கம் கூடவே வரும் சேர்வராயன் மலை. இந்த நிறங்கள் சரியாக அமைந்துவிட்டால் கட்டடம் சுமாராக இருந்தாலும் பார்ப்பவர்கள் சேலம் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் தொடங்குங்கள், கட்டடம் அப்புறம்.

அளவு முக்கியம். மாடல் ரயிலில் எச்ஓ (HO) என்ற அளவு 1:87, அதாவது நிஜத்தில் ஒரு மீட்டர் இங்கே பதினொன்றரை மில்லிமீட்டர். ஐந்தரை அடி ஆள் 19 மி.மீ., ஏழு அடிக் கதவு 25 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. நம் அகலப்பாதை 1676 மி.மீ., கணக்குப்படி 19 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் வர வேண்டும், கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளமோ 16.5 தான். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஜல்லி போட்டபின் கண்ணுக்கு உறுத்தாது. ஆனால் மலையோ பிளாட்பாரமோ வைப்பதற்கு முன்னால், இருப்பதிலேயே நீளமான பெட்டியின் நடுவிலும் இரண்டு முனைகளிலும் பென்சிலை ஒட்டிப் பாதை முழுக்கத் தள்ளிப் பாருங்கள். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் துருத்தும். பென்சில் கோட்டுக்கு அப்பால்தான் எதுவும் நிற்க வேண்டும்.

மலைக்குத் தெர்மாகோல் போதும். டிவி, ஃபிரிட்ஜ் பெட்டிகளில் வருவதையே அடுக்கி, ஃபெவிகாலில் ஒட்டி, ஹேக்ஸா பிளேடால் செதுக்கலாம். சால்வெண்ட் பசையும் ஸ்ப்ரே பெயிண்டும் தெர்மாகோலைக் கரைத்துவிடும், பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். மேலே மருந்துக்கடையில் கிடைக்கும் மாவுக்கட்டுத் துணியை நனைத்துப் போர்த்தினால் மறுநாள் கெட்டியான மலை தயார்.

இனி பாறை. சேர்வராயன் மலைப் பாறை பெரும்பாலும் சார்னோகைட், நீலம் கலந்த கருஞ்சாம்பல், மழைநீர் வழிந்த கறுப்புக் கோடுகளோடு உருண்டையாகத் தெரியும். கூரான ஆல்ப்ஸ் முகடுகள் இங்கே வேண்டாம். கசக்கிய அலுமினியத் தாளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, முக்கால்வாசி இறுகும்போது மலைமேல் அழுத்திப் பிடித்து, கெட்டியானதும் தாளை உரியுங்கள். சாம்பல் அடித்து, நிறையத் தண்ணீர் கலந்த கறுப்பை மேலிருந்து வழியவிட்டு, காய்ந்தபின் கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷில் வெளிர் சாம்பலை மேடுகளில் மட்டும் தேயுங்கள்.

சேலத்துக்கே உரிய பாறை இன்னொன்று உண்டு: மேக்னசைட் ஜங்ஷன் ஸ்டேஷன் பக்கத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) குன்றுகள். அடர்ந்த நிறப் பாறைக்குள் வெள்ளை நரம்புகள் வலைபோல ஓடும். இதை வெள்ளைப் பெயிண்டால் வரைந்தால் வரைந்ததாகத்தான் தெரியும். பிளாஸ்டர் ஈரமாக இருக்கும்போதே ஊசியால் ஒழுங்கில்லாமல் வெடிப்புகள் கீறி, முழுதும் பழுப்புக் கறுப்பு அடித்து, காய்ந்தபின் வால் புட்டியைத் தேய்த்து, உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். புட்டி வெடிப்புக்குள் மட்டும் தங்கி நரம்பாக நிற்கும். குவாரி அடியில் அதே பிளாஸ்டர் தூளைக் கொஞ்சம் தூவிவிட்டால் போதும்.

மண்ணுக்கு மண்ணையே பயன்படுத்துங்கள், பெயிண்ட் அதன் நிறத்துக்குப் பக்கத்தில்கூட வராது. செம்மண்ணை வெயிலில் காயவைத்து டீ வடிகட்டியில் சலியுங்கள். அதைத் தூவும் முன் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று: காந்தத்தைப் பாலிதீன் உறையில் போட்டு மண்ணுக்குள் பலமுறை துழாவி எடுங்கள். சேலம் பக்கத்துக் கஞ்சமலையே காந்தத்தில் ஒட்டும் மேக்னடைட் இரும்புத்தாது உள்ள மலை, இந்த வட்டாரத்து மண்ணிலும் மணலிலும் கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். அவை இன்ஜின் மோட்டாரின் காந்தத்துக்குள் போனால் மோட்டார் கெட்டுவிடும். ஜல்லிக்குச் சலித்த எம்சாண்ட் நல்லது, முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதையும் காந்தத்தில் பார்த்துவிடுங்கள்.

ஜல்லி ஒட்டுவதற்குப் பொறுமை வேண்டும். முதலில் தண்டவாளத்தின் பக்கவாட்டில் துருப் பழுப்பு அடித்து, மேல்முகத்தைத் துடைத்துவிடுங்கள். பிறகு ஜல்லியைப் பரப்பி, மெல்லிய பிரஷ்ஷால் ஸ்லீப்பர் மேலிருந்து ஒதுக்கி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரைப் பனிபோல ஸ்ப்ரே செய்யுங்கள். அதன்பின் ஃபெவிகாலும் தண்ணீரும் சமபங்கு கலந்து சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக விட்டால் தானே உள்ளே இறங்கும். ஈரப்படுத்தாமல் பசை விட்டால் ஜல்லி உருண்டு திரளும். பாதை பிரியும் பாயிண்ட் அசையும் இடத்தில் பசை வேண்டவே வேண்டாம்.

மரம்: மோட்டார் ரீவைண்டிங் கடையில் பழைய செம்புக் கம்பி கேளுங்கள். முறுக்கி அடிமரம், பிரித்துக் கிளை. இலைக்குப் பழைய ஸ்பாஞ்சைப் பச்சைப் பெயிண்ட் கலந்த தண்ணீரோடு, சமையலுக்கு எடுக்காத மிக்ஸியில் அரைத்துக் காயவைத்தால் போதும், பச்சையோடு கொஞ்சம் மஞ்சளும் காவியும் சேருங்கள். பெரும்பாலும் மரத்தைக் குட்டையாகச் செய்துவிடுகிறார்கள். 20 மீட்டர் புளியமரம் எச்ஓவில் 23 செ.மீ., ரயில் பெட்டியைப் போல ஐந்து மடங்கு உயரம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் வைப்பதானால் சில்வர் ஓக் நேராக நெடுநெடுவென்று நிற்க வேண்டும், அடிமரத்தில் மிளகுக்கொடிக்காகப் பசைதடவி அடர்பச்சைத் தூள், கீழே இடுப்புயரக் காப்பிச்செடி. ஏற்காட்டுக்கு ரயில் கிடையாது, அதனால் தோட்டம் பின்னணியில் மேலேதான் வரும். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு மூன்று மட்டும் மரங்களுக்கிடையே தெரியட்டும், அதில் எச்ஓவைவிடச் சிறிய 1:160 அளவு பஸ் ஒன்றை வைத்தால் தூரம் தானாக வந்துவிடும். அதற்கும் பின்னால் சுவரில் வரையும் மலை, தள்ளிப் போகப் போக நீலம் கூடி வெளிற வேண்டும்.

கட்டடத்துக்குச் சன் போர்டு, மவுண்ட் போர்டு போதும். கதவு ஜன்னலைச் சுவரில் வரையாமல் வெட்டி எடுத்து, பின்னாலிருந்து ஒட்டுங்கள், சுவரின் கனம் தெரியும். ஸ்டேஷன் பெயர்ப்பலகை மஞ்சளில் கறுப்பு எழுத்து: தமிழ், இந்தி, ஆங்கிலம், கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம். கம்ப்யூட்டரில் அடித்து ஸ்டிக்கர் தாளில் அச்சடித்தால் தெளிவாக இருக்கும். லோகூர், தின்னப்பட்டி மாதிரி சின்ன ஸ்டேஷன் ஒன்றுக்கே இடம் தாராளமாகத் தேவைப்படும், சேலம் ஜங்ஷனை முதலிலேயே தொடாதீர்கள்.

பாதையோரம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலை கட்டாயம் வையுங்கள். நீளமான ஷீட் கூரை, ஒரு புகைபோக்கி, வாசலில் குச்சிக்கிழங்குக் குவியல், முன்னால் ஜவ்வரிசி காயும் சிமெண்ட் களம். களத்துக்கு மெல்லிய உப்புத்தாள், அதன்மேல் கோலப்பொடி. கல்மாவுக் கோலப்பொடிதான் வாங்க வேண்டும், அரிசிமாவும் ரவையும் எறும்பைக் கூட்டிவந்துவிடும். மெல்லிசாகப் பூசிய பசையில் தூவி, காய்வதற்குள் சீப்பால் வரி வரியாக இழுத்துவிடுங்கள், பலகையால் தள்ளிப் பரப்பிய தடம் அப்படியே வரும்.