ரிமோட்டை அணைத்தும் நிற்காத பிளேடு

எங்கள் 15 கிலோ சண்டை ரோபோவுக்கு சீனியர்கள் விட்டுப்போன ரிமோட் செட்தான் கிடைத்தது. சோதனைக் கூண்டில் நடுவர் ரிமோட்டை அணைக்கச் சொன்னார். அணைத்தேன், பிளேடு பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. களத்துக்குள் விட முடியாது என்றுவிட்டார், நியாயம்தான்.

ரோபோவுக்குள் இருந்து ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர், சிக்னல் போனால் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொள்ளும் ரகம். அதனால் புது செட் தேடும்போது, சேனலுக்குச் சேனல் (ரிமோட்டிலிருந்து போகும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு சேனல்) ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் ரிசீவர் தானே கொடுக்க வேண்டிய கட்டளை, வைக்க முடியுமா என்றுதான் முதலில் பார்த்தேன். (நாலு சேனலே தாராளம், பத்து சேனல் எல்லாம் கடைக்காரர் ஆசை.) ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 வாங்கினோம். பிளேடைச் சுற்றும் ஆயுதச் சேனலின் குச்சியை அடிமட்டத்தில், அதாவது கட்டளைத் துடிப்பின் நீளம் 1000 மைக்ரோசெகண்டாக இருக்கும் இடத்தில் பிடித்தபடியே ஃபெயில்சேஃப்பாகச் சேமித்தேன். ஓட்டும் சேனல்களுக்கு நடுநிலை, 1500.

அப்புறம் ரிசீவரின் ஆண்டெனா. 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் அலுமினியப் பெட்டியைத் தாண்டாது. இரண்டு நுனிகளையும் பாலிகார்பனேட் மூடியின் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக டேப் போட்டு ஒட்டினேன்.

பிளேடைக் கழற்றி, சக்கரம் தரையில் படாமல் ரோபோவைச் செங்கல்மேல் தூக்கி வைத்துத்தான் சோதிக்க வேண்டும். ரிமோட்டை அணைத்தேன். இந்த முறை எல்லா மோட்டாரும் அடங்கிவிட்டன. மறுபடி நடுவரிடம் காட்டி ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டோம்.