ஆரம்பப் பாடசாலைக்கு இணையத்தளம்: தரம் 1 வீட்டாருக்கு முதலில் திறக்கும் வாசல்

பாடசாலை இணையத்தளங்கள் பலவற்றைத் திறந்தால் முதலில் ஓடும் படங்கள், அதன்கீழ் அதிபரின் நீண்ட ஆசிச்செய்தி, அதற்கும் கீழே பாடசாலை வரலாறு. தை மாதம் பிள்ளையைத் தரம் 1இல் விடப்போகும் தாய் தேடி வருவது வேறு. எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விடவேண்டும், எந்தக் கேட் வழியாக உள்ளே போகவேண்டும், பையில் என்னென்ன வைக்கவேண்டும், பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் யாருக்குச் சொல்வது. வெள்ளவத்தையில் காலி வீதியோரம் 100ஆம் இலக்க பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, ஒரு கையில் குடையும் மறு கையில் போனுமாகத்தான் அவர் தேடுவார். அந்த நிலையில் பதில் கிடைத்துவிட்டால், பாடசாலைப் படி மிதிக்கும் முன்பே அவருக்குப் பாதிப் பயம் போய்விடும். நிறம், படம், எழுத்து எல்லாவற்றையும் இந்தத் தாயை மனத்தில் வைத்தே தீர்மானியுங்கள்.

முகப்பு

கணினித் திரையில் வரைந்து பார்த்துவிட்டுப் பிறகு போனுக்குச் சுருக்க வேண்டாம். 360 பிக்சல் அகலத்தில் தொடங்குங்கள். சாதாரண போன்களின் திரை ஏறக்குறைய அவ்வளவுதான். விரலால் நகர்த்தாமல் தெரியும் அந்த முதல் பரப்பில் மூன்று விடயங்கள் போதும்: பாடசாலையின் முழுப்பெயர் இடத்தோடு, ஒரே ஒரு படம், நான்கு பொத்தான்கள்.

பெயரை இலச்சினைப் படத்துக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். கொழும்பில் ஒரே சாமியின் பெயரிலும் ஒரே புனிதரின் பெயரிலும் ஒன்றுக்கு மேற்பட்ட பாடசாலைகள் உண்டு. "கொழும்பு 06", "கொழும்பு 13" என்பதை எழுத்தாகவே பெயருக்குப் பக்கத்தில் போட்டால்தான் கூகிளில் தேடுபவர் கொட்டாஞ்சேனைக்குப் போகவேண்டிய இடத்தில் பம்பலப்பிட்டிக்குப் போகாமல் இருப்பார்.

நான்கு பொத்தான்கள்: இன்றைய அறிவித்தல், தரம் 1 அனுமதி, நேரமும் வாசலும், அழைக்க. ஒவ்வொன்றும் குறைந்தது 48 பிக்சல் உயரம் இருக்கட்டும், பெருவிரலால் அழுத்தவேண்டியது. அழைக்கும் இலக்கத்தை 011 என்று தொடங்காமல், முன்னால் உள்ள 0ஐ விட்டு +94 போட்டு இணைப்பாக்குங்கள். கட்டாரில் வேலை செய்யும் தகப்பன் அங்கிருந்து அழுத்தினாலும் அழைப்பு வந்து சேரும்.

கூகிள் வரைபடத்தில் குத்தும் புள்ளி காரியாலயத்தின்மேல் விழுவதுதான் வழக்கம். பிள்ளைகள் உள்ளே போகும் கேட்டின்மேல் அதை நகர்த்துங்கள். பிரதான வீதிப் பக்கம் பெரிய கேட், ஒழுங்கைப் பக்கம் சின்னக் கேட் என்று இரண்டு இருந்தால், காலையில் எது, விடும்போது எது, பாடசாலை வான் எங்கே நிற்கும் என்று மூன்று வரியில் எழுதுங்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு படம் வேண்டும், வீதியில் நின்று எடுத்ததாக.

வரவேற்புச் செய்தி 60 சொல்லுக்குள் முடியட்டும். "மாணவர்களின் ஆளுமை விருத்திக்கு அர்ப்பணிப்புடன்" என்ற வகை வாக்கியம் எந்தப் பாடசாலைக்கும் பொருந்தும். அதனாலேயே அது எந்தத் தாயையும் தொடாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "காலை 7.00 மணியிலிருந்து சின்னக் கேட்டடியில் ஆசிரியர் ஒருவர் நிற்பார். பிள்ளை அழுதால் அவசரப்பட வேண்டாம். முதல் வாரம் வகுப்பு வாசல்வரை நீங்களும் வரலாம்." உங்கள் பாடசாலை உண்மையில் செய்வதை மட்டும் எழுதுங்கள். எழுதிவிட்டு அன்று காலை கேட்டடியில் ஆளில்லை என்றால், அந்தத் தாய் தளத்தில் உள்ள வேறெதையும் நம்பமாட்டார்.

தரம் 1 அனுமதி

அனுமதிக்கான சுற்றுநிருபத்தைக் கல்வி அமைச்சு வருடாவருடம் வெளியிடுகிறது. இங்கே அடிக்கடி நேரும் பிழை, சென்ற வருடப் பக்கத்தில் வருடத்தை மட்டும் மாற்றிவிட்டு மிச்சத்தை அப்படியே விடுவது. ஜனவரி 31ஆம் திகதி பிள்ளைக்கு 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பதைத் தெளிவாகப் போடுங்கள். புள்ளி வழங்கும் முறையை உங்கள் சொந்த வார்த்தையில் சுருக்க வேண்டாம். ஒரு சொல் தவறினாலும் ஒரு குடும்பம் வீணாக அலையும். அமைச்சின் மூலப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். கேட்கப்படும் ஆவணங்களை அந்தந்த வருடச் சுற்றுநிருபத்தோடு வைத்துச் சரிபார்த்து, மக்கள் அறிந்த பெயரிலேயே எழுதுங்கள்: பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், வாக்காளர் இடாப்புப் பிரதி என்றால்தான் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் சரியாகக் கேட்டு வாங்கமுடியும். விண்ணப்ப காலம் முடிந்த அன்றே பக்கத்தின் தலையில் "இந்த வருட விண்ணப்பம் முடிந்தது" என்று போடுங்கள்.

"என் முதல் நாள்"

தளத்தில் ஒரேயொரு பக்கத்துக்குத்தான் மினக்கெட நேரமிருக்கிறது என்றால் இதற்குச் செலவிடுங்கள். கால்கோள் விழாவுக்கு முந்தின இரவு தாயும் பிள்ளையும் கட்டிலில் இருந்து சேர்ந்து பார்க்கும் பக்கம் இது. பிள்ளைக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. படமும் குரலும்தான் பேசவேண்டும்.

ஆறு முதல் எட்டுப் படங்கள் போதும். கேட், நடைபாதை, வகுப்பறைக் கதவு, இருக்கப்போகும் கதிரை, பை வைக்கும் இடம், தண்ணீர்க் குழாய், கழிப்பறை, திரும்ப அம்மா வந்து நிற்கும் இடம். கழிப்பறைப் படத்தை விட்டுவிடாதீர்கள். புது இடத்தில் அது எங்கே என்று தெரியாமலும் கேட்க வெட்கப்பட்டும் அடக்கிக்கொண்டு இருக்கும் பிள்ளைகள் அதிகம்.

படங்களைத் தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் போனைப் பிடித்து எடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் கண் ஏறக்குறைய அந்த மட்டத்தில்தான் இருக்கும். பெரியவர் உயரத்தில் எடுத்தால் வகுப்பறை மேசைகளின் மேற்பரப்பாகத் தெரியும். பிள்ளை மறுநாள் காண்பதோ மேசைகளின் ஓரம். காலை வெளிச்சத்தில், பாடசாலை நாளில் வைத்தே எடுங்கள். விடுமுறையில் எடுத்த வெறும் வகுப்பறை பிள்ளைக்கு மிரட்சியைத் தரும்.

ஒவ்வொரு படத்துக்கும் பத்துச் செக்கனுக்குக் குறைந்த குரல் பதிவு சேருங்கள். தரம் 1 ஆசிரியரே பேசவேண்டும், வீட்டுத் தமிழில்: "இது உங்கட கதிரை. பையை இஞ்ச கொழுவலாம்." அறிவிப்பாளர் குரலில் வாசித்தால் பயனில்லை, காலையில் கேட்கப்போகும் குரலை இரவே பழக்குவதுதான் நோக்கம். ஒலி தானாகத் தொடங்கக்கூடாது, அழுத்தினால் மட்டும். பக்கத்துக் கட்டிலில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம்.

அடியில் பெற்றோருக்கான பட்டியல்: தண்ணீர்ப் போத்தல், சாப்பாட்டுப் பெட்டி, கைதுடைக்கும் துணி, பெயர் எழுதிய பென்சில் பெட்டி, மாற்று உடுப்பு ஒன்று. கொப்பிகளின் எண்ணிக்கையையும் பக்க அளவையும் வகுப்பாசிரியரிடம் கேட்டே போடுங்கள். சப்பாத்தில் நாடாவா ஒட்டியா என்பதையும் சொல்லிவிடுங்கள். நாடா கட்டத் தெரியாத முப்பது பிள்ளைகள் ஒரே வகுப்பில் என்றால் ஆசிரியரின் காலைப்பொழுது அதிலேயே போய்விடும்.

தமிழ் எழுத்து

காரியாலயக் கணினியில் உள்ள பழைய கடிதங்கள் பல இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அவற்றை வெட்டி ஒட்டினால் தளத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும், ஏனென்றால் பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு நிற்பதே அரைப்புள்ளிதான். அதை இணையத்துக்குரிய யுனிக்கோடாக்கும் மாற்றியில் போட்டு எடுக்கும்போது தமிழ்ப் பகுதியை மட்டும் தெரிவு செய்யுங்கள். முழுக் கடிதத்தையும் போட்டால், அதில் ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியும் பாமினி என்று கருதப்பட்டுப் பொருளற்ற தமிழாகிவிடும்.

நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற தெளிவான எழுத்துருவை 18 பிக்சலிலும், வரி உயரத்தை 1.7 அளவிலும் வையுங்கள். ஆங்கிலத்துக்குப் பழகிய 1.3 இடைவெளியில் மேல்வரிக் "கு"வின் காலும் கீழ்வரிக் "கி"யின் கொக்கியும் மோதும். எழுத்திடைவெளியை விரிக்கவும், சாய்வெழுத்துப் போடவும் வேண்டாம். பாடசாலைக் கொடியின் மஞ்சளில் வெள்ளைப் பின்னணிமேல் எழுதுவது நிறையப் பேர் செய்வது. வெயிலில் ஓர் எழுத்தும் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும். கொடி நிறத்தை ஓரக்கோடுகளுக்கும் பொத்தான்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரிப் பட்டையில் மட்டும் பக்கப் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் பகிரும்போது ஒன்பது எழுத்தாக விரியும். "தரம்" என்ற ஒரு சொல்லே (த, ர, ம, புள்ளி என நான்கு குறியீடு) 36 எழுத்து நீளமாகி, வட்ஸ்அப்பில் பாதி உடைந்து போகும்.

கொழும்பில் தமிழ் பேசும் வீடுகளிலேயே தாய் சிங்களத்தில் படித்தவராக, அம்மம்மா தமிழ் மட்டும் வாசிப்பவராக இருப்பது சாதாரணம். ஆகவே நேரம், அனுமதி, அவசர அறிவித்தல் ஆகிய மூன்றும் மும்மொழியிலும் இருக்கவேண்டும். மற்றவை தமிழில் இருந்தால் போதும். மொழிப் பொத்தானில் அந்தந்த மொழியின் பெயரை அந்தந்த எழுத்திலேயே போடுங்கள். மொழிபெயர்ப்பை மென்பொருளிடம் விட்டால், பாடசாலைச் சிங்கள ஆசிரியரிடம் ஒருமுறை காட்டாமல் ஏற்ற வேண்டாம்.

அறிவித்தல்

கடிதத்தை ஸ்கேன் செய்து பிடிஎப் ஆகப் போடுவது பழக்கமாகிவிட்டது. போனில் அதை இழுத்து இழுத்து வாசிக்கவேண்டும், கூகிளுக்கும் சரியாக அகப்படாது. விடயத்தை மூன்று வரி எழுத்தாகப் போட்டு, கடிதத்தைக் கீழே இணையுங்கள்.

தலைப்பின் நீளத்தில் கவனம். முகப்பில் தலைப்புகள் இடம் போதாமல் வெட்டுப்படும். "வெள்ளிக்கிழமை பாடசாலைக்கு விடுமுறை இல்லை" என்பது "வெள்ளிக்கிழமை பாடசாலைக்கு விடுமுறை…" என்று நின்றுவிட்டால், வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். "வெள்ளி பாடசாலை உண்டு" என்று எழுதுங்கள்.

மழைக்கு வெள்ளம் வந்து பாடசாலை மூடும் காலையில், தளம் மாத்திரம் உதவாது. அறிவித்தலைத் தளத்தில் போட்டு, இணைப்பை வகுப்பு வட்ஸ்அப் குழுக்களில் விடுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளுக்கு எஸ்எம்எஸ். தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றில் 70 குறியீடுகள்தான் அடங்கும், உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். திகதியும் முடிவும் மட்டும் எழுதுங்கள். தவணை நாட்காட்டியைப் பக்கத்துப் பாடசாலைத் தளத்திலிருந்து எடுக்கவேண்டாம். முஸ்லிம் பாடசாலைகளின் தவணைத் திகதிகள் வேறு.

படமும் பிள்ளையின் பாதுகாப்பும்

போனில் எடுத்த படம் ஒன்று 3 முதல் 5 மெகாபைட் இருக்கும். அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து, ஜேபெக் தரம் 75இல் சேமித்தால் பெரும்பாலும் 200 கிலோபைட்டுக்குள் வந்துவிடும். முகப்பு முழுவதும் சேர்த்து ஒரு மெகாபைட்டைத் தாண்டக்கூடாது. விளையாட்டுப் போட்டிப் படம் நாற்பதை அப்படியே ஏற்றினால், மாத முடிவில் ரீலோட் போட்டுச் சமாளிக்கும் வீட்டின் டேட்டாவை உங்கள் தளமே குடித்துவிடும்.

படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பும் ஒளிந்திருக்கலாம். அளவைக் குறைக்கும்போதே அதை நீக்கும்படி மென்பொருளில் தெரிவு செய்யுங்கள். பிள்ளையின் முகம், முழுப்பெயர், வகுப்பு மூன்றும் ஓரிடத்தில் சேரக்கூடாது. கோப்பின் பெயரிலும் பிள்ளையின் பெயர் வேண்டாம். களிமண் உருட்டும் கைகள், முதுகுப்புறமாக எடுத்த வரிசை, சுவரில் தொங்கும் ஓவியங்கள், இவற்றிலேயே வகுப்பின் உயிர் தெரியும். புலமைப்பரிசில் பெறுபேற்றைப் பெயரும் சுட்டெண்ணும் புள்ளியுமாகப் போடுவதை விடுங்கள். சித்தியடைந்தோர் எண்ணிக்கை போதும். பட்டியலில் பெயரில்லாத பத்து வயதுப் பிள்ளையும் அதைப் பார்க்கிறது.

சேரும் நாளிலேயே ஒப்புதல் படிவம் வாங்குங்கள்: தளத்துக்கு ஒரு கட்டம், பேஸ்புக்குக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று. ஒன்றுக்குச் சம்மதித்தவர் மற்றதற்குச் சம்மதித்ததாகாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் தரவை விசேட வகையில் சேர்த்திருக்கிறது. எல்லாப் பக்கத்தின் அடியிலும் சிறுவர் பாதுகாப்பு அழைப்பிலக்கம் 1929ஐ வையுங்கள்.

யாருடைய கையில் சாவி

பாடசாலைத் தளங்கள் செத்துப்போகப் பெரிய காரணம் ஆசிரியர் இடமாற்றம். டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், தகவல்தொழில்நுட்ப ஆசிரியரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். அவர் மாறிப்போன அடுத்த வருடம் புதுப்பிக்கும் நினைவூட்டல் அவருக்கே போகும், தளம் இருண்டுவிடும். எல்கே டொமைன் பதிவகத்தில் பாடசாலைகளுக்கென்றே உள்ள "எஸ்சிஎச் டொட் எல்கே" (.sch.lk) முகவரியை, அதிபர் பதவியின் பெயரிலான மின்னஞ்சலில் பதியுங்கள். கடவுச்சொற்களையும் புதுப்பிக்கும் திகதியையும் தாளில் எழுதி, உறையிலிட்டு, அதிபரின் அலுமாரியில் பூட்டுங்கள். ஏற்றத் தெரிந்தவர்கள் இருவர் வேண்டும். ஒருவர் ஆரம்பப் பிரிவு ஆசிரியராக இருந்தால் நல்லது. தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸை வைத்தால் மாதம் ஒருமுறை அதைப் புதுப்பிக்க ஆள் வேண்டும். ஆளில்லை என்றால், அப்படிப் புதுப்பிக்கத் தேவையில்லாத ஆறு பக்க நிலையான தளமே மேல்.

திறக்கும் முன் ஒரு சோதனை. தளத்தைப் பார்த்திராத பெற்றோர் மூவரையும் பாட்டி ஒருவரையும் அழைத்து, வைஃபை இல்லாமல் அவரவர் போனிலேயே திறக்கச் சொல்லுங்கள். மூன்று கேள்வி: பிள்ளையை எத்தனை மணிக்கு எடுக்கவேண்டும், எந்தக் கேட், நாளை வரமுடியாவிட்டால் யாருக்குச் சொல்வீர்கள். பக்கத்தில் நின்று வழிகாட்டாமல் விரல் எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்விக்கு அரை நிமிடத்துக்கு மேல் போனால் அந்தப் பதில் இருக்கும் இடம் பிழை. அதை முகப்புக்கு இன்னும் ஒரு படி கிட்டக் கொண்டுவந்து, வேறு ஒரு பாட்டியிடம் மறுபடி கொடுத்துப் பாருங்கள்.