“வழக்கம்போல” என்று எழுதாதீர்கள்: சிறிய கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் ஆண்டுத் தொடக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“வழக்கம்போல வெள்ளிக்கிழமை காலை பள்ளித் திருப்பலி. எல்லாரும் வருக.”

கோவில் வழிபாடான திருப்பலிக்கு, கல்வியாண்டின் முதல் செய்திமடலில் பல வருடங்கள் இப்படித்தான் அழைப்பு எழுதினேன். ஒரு வருடம், புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமியின் அம்மா பள்ளி வாசலில் என்னை நிறுத்தினார். “எல்லாரும்னா நானும் வரலாமா? நாங்க கிறிஸ்தவங்க இல்ல. எங்க உட்காரணும்? எல்லாப் பிள்ளைங்களும் எழுந்து வரிசையில போறப்போ என் பொண்ணு என்ன செய்யணும்?” அவர் கேட்ட எதற்கும் என் வரியில் பதில் இல்லை. நேரம்கூட இல்லை. பழைய குடும்பங்களுக்குத் தெரியும் என்பதால் அது எனக்குத் தோன்றவே இல்லை.

சிறிய பள்ளியின் பெரிய பலம், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பது. ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் அந்தப் பலத்திலிருந்துதான் வருகின்றன. தெரியும் என்று நினைத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகிறோம். நாமெல்லாம் ஒரே குடும்பம்தானே என்று நினைத்துச் சொல்லக்கூடாததைச் சொல்லிவிடுகிறோம்.

முதலில், சொல்லாமல் விடுவது.

செய்திமடலை எழுதி முடித்ததும் “வழக்கம்போல”, “எப்போதும் செய்வதுபோல”, “உங்களுக்குத் தெரிந்தபடி” என்ற சொற்களைத் தேடி எடுத்துவிடுங்கள். அவை இருந்த ஒவ்வோர் இடத்திலும் ஏதோ ஒரு தகவல் விடுபட்டிருக்கும். “கோவிலில்” என்று எழுதினால் எந்த வாசல் வழியாக, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். “தந்தையிடம் கேளுங்கள்” என்று எழுதினால் கோவிலின் குருவான பங்குத்தந்தையைச் சொல்கிறீர்கள் என்பது புதியவருக்குப் புரியாது, வீட்டில் உள்ள அப்பாவை நினைப்பார். இது நிஜமாகவே நடக்கிறது.

கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகள் நம் பள்ளிகளில் விதிவிலக்கு அல்ல. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, ஏழைகள், குடும்ப ஆதரவு இல்லாதவர்கள், கிறிஸ்தவ விசுவாசம் இல்லாதவர்கள் ஆகியோர்மீது கத்தோலிக்கப் பள்ளிகள் தனி அக்கறை காட்டச் சொல்கிறது. ஆக, அந்த அம்மாவுக்குப் புரியும்படி எழுதுவது நாம் அவருக்குச் செய்யும் சலுகை அல்ல, பள்ளியின் வேலை. திருப்பலியில் வரிசையில் சென்று வாங்கும் புனித அப்பம்தான் நற்கருணை. அதைப் பற்றி இரண்டே வரி போதும்: “எந்தச் சமயத்தவரும் வரலாம், எங்கும் அமரலாம். நற்கருணை வாங்காத பிள்ளைகள் இடத்திலேயே இருக்கலாம்.” வரிசையில் வந்து கைகளை மார்பில் குறுக்கே வைத்து ஆசி பெறும் வழக்கம் உங்கள் பங்கில் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். ஆனால் எந்தப் பிள்ளையையும் எழுந்து வரச் சொல்லி ஆசிரியர் தள்ளக்கூடாது.

திருப்பலிக்குத் தயாரிக்கும்போது ஆசைப்பட்டுச் செய்யும் சில தவறுகள் உண்டு. பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று நற்செய்தியையே ஒரு கதையாக மாற்றி எழுதி வாசிக்க வைப்பார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் தேவையில்லை. சிறுவர்களுடன் கொண்டாடும் திருப்பலிக்கென்றே 1973 நவம்பர் 1 தேதியிட்ட ஒரு வழிகாட்டி உரோமையிலிருந்து வந்திருக்கிறது. வாசகங்கள் பிள்ளைகளுக்குக் கடினம் என்றால் அவற்றைக் குறைக்கலாம், நற்செய்தியை மட்டும் ஒருபோதும் விடக்கூடாது என்கிறது அது. மறைநூலைச் சொந்த நடையில் திருப்பி எழுதி வாசிப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. குருவின் விளக்கமான மறையுரையைக் கேள்வி பதிலாக நடத்தலாம். பங்குத்தந்தையின் ஒப்புதலோடு பெரியவர் ஒருவர் நற்செய்திக்குப் பிறகு பிள்ளைகளிடம் பேசலாம் என்றும் அதில் இருக்கிறது. பல ஆசிரியர்களுக்கு இது தெரிவதில்லை. எளிமையாக்க வழி ஏற்கெனவே இருக்கும்போது நாமாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அப்புறம், வாசிக்க எப்போதும் நன்றாக வாசிக்கும் அதே மூன்று பிள்ளைகளை அழைப்பது. ஐம்பது அறுபது பேர் படிக்கும் பள்ளியில் ஓர் ஆண்டுக்குள் எல்லாருக்கும் ஏதாவது ஒரு முறை வந்துவிடும். திக்கி வாசிக்கும் பிள்ளைக்கு, எல்லாரும் சேர்ந்து வேண்டிக்கொள்ளும் மன்றாட்டில் ஒரே ஒரு வரி கொடுங்கள். ஒரு வாரம் முன்னாலேயே கொடுங்கள்.

காலைத் திருப்பலி என்றால் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. நள்ளிரவிலிருந்து ஒன்றும் உண்ணக்கூடாது என்ற பழைய ஒழுங்கில் வளர்ந்த தாத்தா பாட்டிகள் அன்பாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1964இலேயே அது ஒரு மணி நேரமாகக் குறைக்கப்பட்டுவிட்டது. அந்த ஒரு மணி நேரமும் நற்கருணை வாங்குவதற்கு முன் கணக்கிடப்படுவது. தண்ணீருக்கும் மருந்துக்கும் அந்தத் தடையும் இல்லை. சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லிச் செய்திமடலில் ஒரு வரி போடுங்கள். பாதித் திருப்பலியில் தலைசுற்றி உட்காரும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இந்த வரியின் அருமை தெரியும்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமும் அப்படித்தான். ஜனவரி கடைசியில் ஆண்டைத் தொடங்கும் பள்ளிகளுக்கு அது சீக்கிரமே வந்து நிற்கும். அதன் முதல் நாளான திருநீற்றுப் புதன் பிப்ரவரி 4 முதல் மார்ச் 10 வரை எந்த நாளிலும் வரலாம். வகுப்புகளே இன்னும் நிலைகொள்ளாத நேரத்தில் “இன்று எல்லாரும் நோன்பு” என்று ஆறு வயதுப் பிள்ளைகளிடம் சொல்வது தவறு. திருச்சபைச் சட்டப்படி இறைச்சி தவிர்க்கும் கடமை 14 வயது நிறைந்தவர்களுக்கு. நோன்புக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்கு, அதுவும் 59 வயது நிறையும் வரை. தொடக்கப்பள்ளியில் ஒரு பிள்ளைக்கும் இந்த இரண்டு கடமையும் இல்லை. தவம் என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி மட்டும் அதே சட்டம் பெற்றோரையும் அருள்பணியாளர்களையும் கேட்டுக்கொள்கிறது. சாப்பாட்டைத் தள்ளிவைப்பதைவிட, விளையாட்டில் யாரும் சேர்க்காத பிள்ளையைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்வது இந்த வயதுக்குப் புரியும் தவம். அன்று பூசும் சாம்பலான திருநீறு அருளடையாளம் (திருமுழுக்கு என்னும் ஞானஸ்நானம், நற்கருணை போன்றது) அல்ல என்பதால் விரும்பும் பிள்ளைகள் யாரும் பூசிக்கொள்ளலாம். விரும்பாத பிள்ளைக்கு அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டிய நிலை வரக்கூடாது. முந்தைய ஆண்டுக் குருத்தோலைகளை எரித்துச் சாம்பல் எடுக்கும்போது பிள்ளைகள் தூர நின்று பார்க்கட்டும்.

ஆண்டுத் தொடக்கத்தில் அதிக மனத்தாங்கல் வருவது புதுநன்மைப் பட்டியலில்தான், அதாவது முதன்முறை நற்கருணை வாங்கும் பிள்ளைகளின் பட்டியலில். வகுப்பு முழுவதும் தானாகவே புதுநன்மை வாங்கும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள், அலுவலகமும் வகுப்புப் பதிவேட்டை அப்படியே நகலெடுத்துப் பட்டியல் என்கிறது. 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் காலத்து ஆணை, பகுத்தறியும் வயதை ஏறக்குறைய ஏழு என்று சொல்லிச் சிறு பிள்ளைகளுக்கு நற்கருணைக்கான கதவைத் திறந்துவிட்டது. அதை வைத்து ஒரு குறிப்பிட்ட வகுப்புக்கு வந்தாலே தகுதி என்று ஆகிவிடாது. பிள்ளையைத் தயாரிக்கும் பொறுப்பு முதலில் பெற்றோருக்கும் பங்குத்தந்தைக்கும்தான் என்கிறது திருச்சபைச் சட்டம். பள்ளி உடன் நிற்கிறது. எனவே பதிவு பங்கிலா பள்ளியிலா, திருமுழுக்குச் சான்றிதழ் எப்போது வேண்டும், திருமுழுக்குப் பெறாத பிள்ளை விரும்பினால் யாரிடம் பேசுவது என்பதை முதல் இரண்டு வாரத்துக்குள் எழுதிவிடுங்கள். சீரோ மலபார் போன்ற கீழைத் திருச்சபைகளைச் சேர்ந்த குடும்பங்கள் இருந்தால் தனியாகக் கேளுங்கள். அவர்களில் பலர் கைக்குழந்தையிலேயே திருமுழுக்கோடு, அதை உறுதிப்படுத்தும் அருளடையாளமான உறுதிப்பூசுதலும் பெற்றிருப்பார்கள், சிலர் நற்கருணையும் பெற்றிருப்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளையை உறுதிப்பூசுதல் பட்டியலில் சேர்ப்பது பெரிய பிழை, அந்த அருளடையாளத்தை இரண்டாம் முறை பெற முடியாது.

இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைக்கும் பள்ளிகளில், யார் எந்த அறை என்ற பட்டியலை மட்டும் ஒட்டிவிட்டுப் போகாதீர்கள். மூத்த பிள்ளைகளின் பெற்றோருக்குத் தம் பிள்ளை பின்தங்கிவிட்டதோ என்ற பயம் அன்றிரவே வந்துவிடும். எண்ணிக்கை குறைவு என்பதால் சேர்த்திருக்கிறோம், பாடம் இப்படிப் பிரியும் என்று பட்டியலோடு நாலு வரி போதும்.

இனி, சொல்லக்கூடாததைச் சொல்வது. இதைப் பற்றி எழுத எனக்கு மனபாரம் உண்டு.

ஒருமுறை ஒரு குடும்பத்தில் நோய் என்று கேள்விப்பட்டதும் மன்றாட்டுப் பகுதியில் அவர்கள் பெயரைப் போட்டுவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. செபிப்பதற்கு அனுமதி எதற்கு என்றுதான் நினைத்தேன். நோய் எவ்வளவு தீவிரம் என்பதை அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை. செய்திமடல் வந்த மறுநாள், வகுப்புத் தோழி ஒருத்தியிடமிருந்து அந்த வீட்டுச் சிறுவன் அதைத் தெரிந்துகொண்டான். அவன் அம்மா என்மேல் கோபப்படவில்லை. “நாங்க சொல்லியிருக்கணும், நாங்களே சொல்லணும்னு இருந்தோம்” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து குடும்பத்திடம் கேட்காமல் ஒரு பெயரும் என் கையால் மன்றாட்டில் ஏறுவதில்லை. கேட்க முடியாத நேரத்தில் “நம் பள்ளிக் குடும்பங்களில் நோயுற்றிருப்போர்” என்று எழுதுகிறேன். யாருக்காக என்று கடவுளுக்குத் தெரியும். மரணச் செய்தி என்றால் முதலில் வகுப்பாசிரியர், பிறகு அந்த வகுப்பின் பெற்றோர், அதன்பின்தான் செய்திமடல். தோழனிடம் என்ன சொல்வது என்று தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வீடுகளுக்கு ஒரு மாலையாவது வேண்டும்.

பெயர் போடாவிட்டால் போதும் என்பதும் சிறிய பள்ளியில் செல்லாது. இரண்டாம் வகுப்பில் நாலே பேர் இருக்கும்போது “இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பேன்” என்று எழுதினால் பெயரோடு எழுதியதற்குச் சமம். ஒவ்வாமை, கட்டண பாக்கி, கூடுதல் உதவி பெறும் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். பேன் பற்றிய அறிவிப்பைப் பள்ளி முழுவதற்கும் பொதுவாக அனுப்புங்கள். பேன் அழுக்கால் வருவதல்ல, தலையோடு தலை படுவதால் பரவுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒவ்வாமைக்கு, எந்தப் பொருளை வீட்டிலிருந்து அனுப்ப வேண்டாம் என்பதை மட்டும் எல்லாருக்கும் சொல்லுங்கள். யாருக்கு என்பதும், அவசரத்தில் மருந்து எங்கே இருக்கிறது என்பதும் பள்ளியில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், புதிதாக வந்த உதவியாளர் உட்பட.

முதல் நாள் புகைப்படங்களில் அவசரம் வேண்டாம். சீருடையே பள்ளியைக் காட்டிக்கொடுக்கும். அதோடு முழுப்பெயரும் வகுப்பும் போட்டால், பிள்ளையை எங்கே தேடலாம் என்று முன்பின் தெரியாதவருக்கும் சொன்னதாகிவிடும். தாங்கள் இருக்குமிடம் வெளியே தெரியக்கூடாத நிலையில் வாழும் பிள்ளைகளும் வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் பிள்ளைகளும் எந்தப் பள்ளியிலும் இருக்கலாம். சென்ற ஆண்டின் ஒப்புதல் படிவம் இந்த ஆண்டுக்குச் செல்லும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், வீட்டு நிலைமை மாறியிருக்கலாம். ஒப்புதல் இல்லாத பிள்ளையைப் படம் எடுக்கும்போதே ஓரமாக நிறுத்தி அழ வைக்காமல், எல்லாரும் இருக்கும் ஒரு படத்தை வகுப்புச் சுவருக்கும் இன்னொன்றை வெளியிடுவதற்கும் எடுத்தால் யார் மனமும் நோகாது.

பெற்றோர் பிரிந்து வாழும் வீடுகளுக்கு ஒரே காகிதத்தைப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்புவது அந்தப் பிள்ளையைத் தூதாளாக்கும் வேலை. நீதிமன்றத் தடை எதுவும் இல்லாதவரை இருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். “அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வா” என்பதை “வீட்டுப் பெரியவரிடம்” என்று மாற்றுங்கள்.

நிதி திரட்டுவதை முதல் மாதத்திலேயே தொடங்காமல் இருப்பது நல்லது. சீருடையும் புத்தகமும் வாங்கிப் பெற்றோரின் கை காலியாகியிருக்கும் நேரம் அது.

மூன்றாவது வாரத்தில் புதுக்குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு போன் போடுங்கள். பத்து வீடுகூட இருக்காது. “எல்லாம் சரியா?” என்று கேட்டால் சரி என்றுதான் சொல்வார்கள். “எங்கள் அறிவிப்பில் எது புரியவில்லை?” என்று கேளுங்கள். சென்ற முறை எனக்குக் கிடைத்த பதில்கள்: பாதுகாவலர் திருவிழா (பள்ளியின் புனிதருக்கான விழா) என்றால் விடுமுறையா என்று தெரியவில்லை, மதியம் பிள்ளையைக் கூப்பிட எந்த வாசலில் நிற்பது என்று யாரும் சொல்லவில்லை, மகன் வீட்டில் சிலுவை அடையாளம் போடுகிறான், நாங்கள் என்ன செய்ய வேண்டும்? மூன்றுக்குமான பதில் அடுத்த மடலின் முதல் பக்கத்தில் போனது.